கார் தானாகப் பிரேக் பிடிக்கிறதா, எச்சரிக்கை விளக்கு அணையவில்லையா? காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காலியான சாலை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். லேசான வளைவு, அதன் வெளி ஓரத்தில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. என் பாதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. திடீரென்று டாஷ்போர்டில் சிவப்பாக ஏதோ பளிச்சிட்டது, பீப் பீப் என்று சத்தம், அடுத்த கணமே கார் தானாகப் பிரேக் பிடித்தது. சீட் பெல்ட் நெஞ்சை இறுக்கியது. பின் சீட்டில் இருந்த பை தரையில் உருண்டது. நல்ல வேளை, பின்னால் வண்டி எதுவும் வரவில்லை.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கோளாறு எதுவும் காட்டவில்லை, சில நேரம் அப்படித்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. முந்தைய மாதம் முன் கண்ணாடியை மாற்றியிருந்தேன். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேமராவை யாரும் கேலிபரேஷன் செய்யவில்லை, அதாவது அது சரியான கோணத்தில் பார்க்கும்படி அளந்து அமைக்கவில்லை. அதைச் செய்த பிறகு அதே வளைவில் பலமுறை போய்விட்டேன், ஒருமுறைகூட அப்படி நடக்கவில்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கிறேன், தெரிந்தவர்களின் கார்களோடு ஒர்க்ஷாப்புக்குப் போய் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். நான் பார்த்தவரை கம்ப்யூட்டரே கெட்டுப்போனது குறைவு. அதற்குத் தகவல் கொடுக்கிற கண்ணாடி, பம்பர், டயர், பேரிங், பேட்டரி, பிரேக் ஆயில் இவற்றில்தான் கோளாறு இருக்கிறது. அதனால் தேடும் வரிசையையும் அப்படியே அமைத்திருக்கிறேன்: செலவில்லாததை முதலில் பாருங்கள், விலை உயர்ந்த கம்ப்யூட்டர் பெட்டியைக் கடைசியாகப் பாருங்கள்.

முதலில்: எது எதை நம்பி இருக்கிறது

இது புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஏ.பி.எஸ். என்பது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கிற அமைப்பு. போஷ் உருவாக்கிய மின்னணு ஏ.பி.எஸ். 1978-ல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தது. 1995-ல் அதன் மேல் இ.எஸ்.சி. வந்தது. கார் பக்கவாட்டில் சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக் பிடித்து நேராக்கும். அதற்கும் மேல் இன்று இருப்பவைதான் தானியங்கி அவசர பிரேக் என்கிற ஏ.இ.பி., முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸ், பாதையை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும் லேன் அசிஸ்ட் எல்லாம். இவற்றை மொத்தமாக அடாஸ் என்கிறார்கள்.

மாடிக்கு மேல் மாடி கட்டியது போன்ற அமைப்பு இது. கேமராவும் ரேடாரும் "முன்னால் ஆபத்து" என்று சொன்னால், பிரேக்கை உண்மையில் பிடிப்பது பெரும்பாலும் இ.எஸ்.சி.யின் பம்பு அல்லது பெடல் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் மின்னணு பூஸ்டர். அந்த இ.எஸ்.சி. நம்பியிருப்பதோ நான்கு சக்கரங்களின் வேக சென்சார்களை. அதனால் ஒரே ஒரு சக்கரத்தின் சென்சார் படுத்துவிட்டால் ஏ.பி.எஸ்., இ.எஸ்.சி., ஏ.இ.பி., க்ரூஸ், மேட்டில் கார் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு என்று ஐந்து விளக்கும் சேர்ந்து எரியும். ஐந்து விளக்கு எரிகிறது என்றால் ஐந்து கோளாறு என்று அர்த்தமில்லை. ஐந்து பாகம் மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

"எனக்கு இதெல்லாம் இல்லாத கார் போதும்" என்று ஒதுங்கவும் வழி குறைந்துகொண்டே வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பதிவாகும் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.இ.பி. கட்டாயம். அமெரிக்கா 2024 ஏப்ரலில் விதி வெளியிட்டு 2029 செப்டம்பரைக் கெடுவாக வைத்தது.

படி 1: அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது

விளக்கின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். அவசரத்தில் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இடைவெளியைக் கூட்டிக்கொண்டு மெதுவாக ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிப் போகலாம். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு வேறு ரகம். ஹேண்ட் பிரேக் விடாமல் இருந்தாலும் எரியும், பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும், அழுத்தம் போனாலும் எரியும். ஹேண்ட் பிரேக்கை முழுதாக விட்ட பிறகும் அது எரிந்தால் ஓரமாக நிறுத்துங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால், முன் பின் சக்கரங்களுக்கு பிரேக் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலையும் நின்றிருக்கலாம். அப்போது பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழல வாய்ப்பு உண்டு. அந்த நிலையில் ஓட்டாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஓடும்போதே பெடல் உள்ளே போய்விட்டால்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், பெடலை வேகமாகப் பலமுறை அழுத்துங்கள், கியரைப் படிப்படியாகக் குறையுங்கள். நெம்புகோல் வகை ஹேண்ட் பிரேக் என்றால் அதன் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்பக்கம் வீசிவிடும். மின்னணு ஹேண்ட் பிரேக் என்றால் சுவிட்சை இழுத்து, விடாமல் பிடித்திருங்கள். பெரும்பாலான கார்களில் அது அவசர பிரேக்காக வேலை செய்து, சுவிட்சை விட்டதும் நின்றுவிடும். இதை உங்கள் காரின் கையேட்டில் இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து நேரத்தில் பக்கம் புரட்ட முடியாது.

காரணமில்லாமல் கார் தானாகப் பிரேக் பிடித்தால்: பின்னால் வண்டி வருகிறதா என்று கண்ணாடியில் ஒரு பார்வை, முன்னால் உண்மையிலேயே எதுவும் இல்லை என்று தெரிந்தால் ஆக்சிலரேட்டரை உறுதியாக அழுத்துங்கள். பல கார்களில் அப்படி அழுத்தினால் தானியங்கி பிரேக் விட்டுவிடும்.

படி 2: எழுதி வையுங்கள்

நிறையப் பேர் தவற விடுவது இதைத்தான். விட்டு விட்டு வருகிற கோளாறு ஒர்க்ஷாப் வாசலில் வராது. ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, நேரம், வேகம், சூரியன் எந்தப் பக்கம் இருந்தது, மழையா வெயிலா, நேர்ச் சாலையா வளைவா, முன்னால் என்ன இருந்தது, க்ரூஸ் ஓடிக்கொண்டிருந்ததா, எந்த விளக்கு வந்தது, எஞ்சினை நிறுத்தி மறுபடி போட்டதும் போய்விட்டதா. திரையில் வந்த செய்தியை, நின்ற பிறகு, போட்டோ எடுங்கள். டாஷ்கேம் இருந்தால் அந்தப் பதிவைத் தனியாகச் சேமித்துவிடுங்கள். அது சுழற்சியில் தானே அழிந்துவிடும்.

கூடவே இன்னொரு பக்கத்தில், கடந்த ஆறு மாதத்தில் காரில் என்ன வேலை நடந்தது என்று எழுதுங்கள். கண்ணாடி மாற்றியது, பம்பருக்குப் பெயின்ட் அடித்தது, டயர் போட்டது, பேரிங், சஸ்பென்ஷன், வீல் அலைன்மென்ட், பேட்டரி, மென்பொருள் அப்டேட். என் கதையில் இந்தப் பட்டியல் இருந்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

நான்கைந்து பதிவு சேர்ந்ததும் ஒரு வடிவம் தெரியும். எப்போதும் மேம்பாலத்தின் நிழலில், எப்போதும் சாயங்காலம் சூரியன் எதிரில் இருக்கும்போது என்று வந்தால் கேமராவைச் சந்தேகியுங்கள். இரும்புத் தகடு போட்ட பாலம், சாலை ஓரத் தடுப்பு, வளைவில் நிற்கும் வண்டி என்றால் ரேடாரையும் அது பார்க்கும் கோணத்தையும் பாருங்கள். மழை நாளில் மட்டும், அல்லது கார் கழுவிய மறுநாள் மட்டும் விளக்கு எரிந்தால் ஒயர் இணைப்பில் ஈரம் ஏறுகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் என்றால் பேட்டரி.

படி 3: கையோடு பார்க்கக்கூடிய மூன்று

பேட்டரி. 12 வோல்ட் பேட்டரி சோர்ந்தால் வரும் விளக்குகளைப் பார்த்தால் கார் மொத்தமும் போய்விட்டதோ என்று தோன்றும். கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்திக்கொள்ளும், ஏ.பி.எஸ். பம்பு நிறைய மின்சாரம் கேட்கும் என்பதால் மின்னழுத்தம் குறைந்தால் அது விலகிக்கொள்ளும். கார் சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவுக்கு இருந்தால் நல்லது. 12.2-க்குக் கீழே என்றால் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. மின்சார கார் வைத்திருப்பவர்களும் இதைப் படியுங்கள்: பெரிய பேட்டரி இருந்தாலும், பிரேக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் தருவது பெரும்பாலான மாடல்களில் தனியாக இருக்கும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரிதான்.

டயர். நான்கும் ஒரே அளவா, தேய்மானம் ஏறக்குறைய ஒன்றா, காற்று சரியா? தேய்ந்த டயரும், அளவு குறைந்த ஸ்டெப்னியும் வேகமாகச் சுற்றும். இ.எஸ்.சி. அதைச் சறுக்கல் என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

பிரேக் ஆயில். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவ்வளவு அலட்சியப்படுத்தப்படும் பொருள் காரில் வேறு இல்லை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 வகை ஆயில்கள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 155 டிகிரி இருந்தால் போதும் என்பதே தர விதி. மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது பிரேக் பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் பக்கம் உள்ள ஆயில் அந்தச் சூட்டைத் தொட்டால் உள்ளே ஆவிக் குமிழ் உருவாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. நீங்கள் அழுத்தினாலும் சரி, ஏ.இ.பி. அழுத்தினாலும் சரி, இரண்டுக்கும் கடைசியில் அதே ஆயில்தான். பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதற்குக் காரணம் இது. ஓடிய கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், காலத்தைப் பாருங்கள்.

அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். பேட் தேய்ந்தால் அளவு தானாக இறங்கும். அது இல்லையென்றால் எங்கோ கசிவு. மூடியில் எழுதியிருக்கும் வகையை மட்டும் ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிகான் ஆயில், மற்றவற்றோடு சேராது, டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு. எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும்.

படி 4: சக்கர வேக சென்சார்

ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் முதல் சந்தேகம் இங்கேதான். ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பிலும் விரல் அளவுள்ள ஒரு சென்சார், அதன் எதிரே சுற்றும் ஒரு வளையம். பழைய கார்களில் அது பல் வைத்த இரும்பு வளையம். புதிய கார்களில் பலவற்றில் வீல் பேரிங்கின் சீலிலேயே காந்தத் துருவங்கள் மாறி மாறிப் பதித்திருப்பார்கள். பார்த்தால் சாதாரண கறுப்பு ரப்பர் போலத்தான் இருக்கும்.

ஒரு நண்பரின் காரில் நடந்ததைச் சொல்கிறேன். பேரிங் இரைச்சல் என்று முன் இடது பேரிங்கை மாற்றினார்கள். வெளியே வந்த அரைக் கிலோமீட்டரில் ஏ.பி.எஸ்., இ.எஸ்.சி., ஏ.இ.பி. விளக்குகள். சென்சார் போய்விட்டது என்று புதிய சென்சார் போட்டார்கள், விளக்கு அணையவில்லை. அடுத்து ஏ.பி.எஸ். யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். வேறொரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஸ்கேனரை மாட்டி நான்கு சக்கர வேகத்தையும் திரையில் வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டச் சொன்னார். மூன்று சக்கரத்தில் 18, 18, 18. இடது முன் சக்கரத்தில் பூஜ்யம். அவர் பேரிங்கைக் கழற்றி மேஜையில் வைத்தார், பையிலிருந்து ஒரு சின்ன காகித க்ளிப்பை எடுத்தார். ஒரு பக்கத்துச் சீலில் க்ளிப் லேசாக ஒட்டிக்கொண்டு நின்றது, மறுபக்கத்தில் வழுக்கி விழுந்தது. பேரிங்கைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். காந்தப் பக்கம் சென்சாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. புதிய பேரிங்கைச் சரியான பக்கம் வைத்து அழுத்தியதும் ஐந்து நிமிட ஓட்டத்தில் எல்லா விளக்கும் அணைந்தன.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நேரடி ஓட்டச் சோதனை. எந்தப் பாகத்தையும் மாற்றும் முன், நான்கு சக்கர வேகத்தையும் ஒன்றாகத் திரையில் காட்டச் சொல்லுங்கள். நேராக 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு மெதுவாக நிறுத்துங்கள். எந்தச் சக்கரம் மற்றவற்றுக்கு முன்னால் பூஜ்யத்துக்குக் குதிக்கிறதோ அதுதான் ஆள்.

விளக்கே எரியாமல் ஏமாற்றும் ஒரு வகையும் உண்டு. காய்ந்த சாலையில், மெதுவாக நிற்கப் போகும் கடைசி இரண்டு மூன்று மீட்டரில் பெடல் காலுக்கடியில் 'கடகட' என்று துடிக்கும், கார் கொஞ்சம் நழுவி நிற்கும். வளையத்தில் துருவோ விரிசலோ இருந்தால், வேகம் குறையும்போது அந்தச் சக்கரத்தின் சிக்னல் அறுந்து போகும். கம்ப்யூட்டர் அந்தச் சக்கரம் பூட்டிக்கொண்டது என்று நினைத்து பிரேக்கை விட்டுவிடும். சிக்னலில் முன்னால் நிற்கும் வண்டியை இடிக்க இது போதும். இப்படித் துடித்தால் தள்ளிப்போடாதீர்கள்.

மற்றபடி சென்சார் முனையில் இரும்புத் தூள் அப்பியிருக்கும், ஸ்டீயரிங் திரும்பும் இடத்தில் ஒயர் உரசி உள்ளே அறுந்திருக்கும், கனெக்டரில் பச்சை பூத்திருக்கும். துடைத்து, ஒயரை அசைத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

படி 5: காரின் கண்கள்

முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா. பம்பரிலோ கம்பெனி சின்னத்துக்குப் பின்னாலோ ரேடார். சில கார்களில் கேமரா மட்டுமே இருக்கும். ரேடார் பெரும்பாலும் 76 முதல் 77 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அதன் அலைநீளம் சுமார் 4 மில்லிமீட்டர்தான். அதனால் அதற்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக்கின் தடிமன்கூட முக்கியம். பம்பரில் கீறல் விழுந்தது என்று பட்டி பூசி, அதன் மேல் உலோகத் தூள் கலந்த பெயின்ட்டை இரண்டு மூன்று கோட் அடித்தால் ரேடாருக்குக் கண்புரை வந்தது போல ஆகிவிடும். ஸ்டிக்கர், குரோம் அலங்காரம், பம்பருக்கு முன்னால் மாட்டும் கம்பித் தடுப்பு, வெளியே வாங்கி ஒட்டிய பளபள சின்னம், எல்லாமே இதே தொல்லைதான்.

கோணம் இன்னும் மோசமாக விளையாடும். ரேடார் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருக்கிறது என்று வையுங்கள். 100 மீட்டர் தூரத்தில் அது சுமார் 1.75 மீட்டர் தள்ளிப் பார்க்கும். ஒரு லேனின் அகலம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர், ஆக பாதி லேன் விலகிவிட்டது. பக்கத்து லேனில் போகும் லாரி உங்கள் எதிரில் இருப்பதாக அது நினைக்கும். அதைவிட மோசம், எதிரில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பதாக நினைக்கும். பார்க்கிங்கில் மெதுவாக இடித்தது, வெளியே ஒரு கீறலும் இல்லை, ஆனால் உள்ளே தாங்கி வளைந்திருக்கும்.

அதனால் கீழே உள்ள வேலை எதைச் செய்தாலும் "கேலிபரேஷன் தேவையா?" என்று எழுத்தில் கேளுங்கள்:

- முன் கண்ணாடி மாற்றுவது, கேமராவைக் கழற்றி மாட்டுவது
- முன் பம்பர், கிரில், ரேடார் தாங்கி
- வீல் அலைன்மென்ட், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் உயரம்

கேலிபரேஷன் இரண்டு வகை. ஒன்றில் காரை மட்டமான தரையில் நிறுத்தி, அளந்து வைத்த தூரத்தில் குறிப்பலகை வைத்துச் செய்வார்கள். இன்னொன்றில் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு, கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டுவார்கள். சில கார்களுக்கு இரண்டும் வேண்டும். டயர் காற்று சரியாக இருக்க வேண்டும், டிக்கியில் மூட்டை இருக்கக் கூடாது, அலைன்மென்ட் முதலில் முடிந்திருக்க வேண்டும். தரை சாய்வாக, இடம் நெருக்கமாக உள்ள ஒர்க்ஷாப்பில் பலகை வைத்தால் தப்பான கோணத்தைச் சரி என்று பதிவு செய்துவிடும். செய்யாமல் விட்டதைவிட அது கேடு. "ஓட்ட ஓட்டத் தானே சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் அப்படிச் சொல்லியிருக்கும் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

முடிந்ததும் அச்சிட்ட அறிக்கை வாங்குங்கள். தேதி, கிலோமீட்டர், எந்தச் சென்சார், வெற்றியா தோல்வியா என்று அதில் இருக்கும். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐ.ஐ.எச்.எஸ். உரிமையாளர்களிடம் கேட்டபோது, இந்த அமைப்புகளைப் பழுது பார்த்தவர்களில் சுமார் பாதிப் பேர் அதற்குப் பிறகும் ஏதாவது ஒரு பிரச்சினை இருந்ததாகச் சொன்னார்கள். அதனால் அறிக்கை கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

படி 6: பெடலை நம்பலாமா?

எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை ஐந்தாறு முறை அழுத்துங்கள், கல் போல ஆகிவிடும். அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள்; வெற்றிட பூஸ்டர் நன்றாக இருந்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்கும். அடுத்து ஒரே அழுத்தத்தில் முப்பது நொடி பிடித்திருங்கள். மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் பெடல் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் கசிகிறது, அல்லது வெளியே எங்கோ கசிவு. பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று. ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் சிக்கிய காற்றைச் சாதாரண முறையில் வெளியேற்ற முடியாத கார்கள் நிறைய. ஸ்கேனர் மூலம் பம்பை ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

புதிய கார்களில் வெற்றிட பூஸ்டருக்குப் பதில் மோட்டார் வைத்த மின்னணு பூஸ்டர் வருகிறது. அது நின்றுபோனால் பெடல் கனக்கும். நேரடி ஹைட்ராலிக் தொடர்பு காப்பாற்றும், ஆனால் உங்கள் முழு பலத்தையும் போட்டு அழுத்த வேண்டும். கனக்கிறதே என்று காலை எடுத்துவிடாதீர்கள்.

மின்னணு பிரேக்கின் வரலாறு இதில் பாடம் நிறைந்தது. மெர்சிடிஸ் தன் சென்சோட்ரானிக் என்ற மின்னணு பிரேக்குக்காக 2004-ல் சுமார் 6,80,000 கார்களைத் திரும்ப அழைத்தது, பிறகு அந்த அமைப்பையே இ-கிளாஸிலிருந்து எடுத்துவிட்டது. 2024-ல் பி.எம்.டபிள்யூ.வுக்கு, கான்டினென்டல் நிறுவனம் கொடுத்த ஒருங்கிணைந்த பிரேக் பாகத்துக்காகச் சுமார் 15 லட்சம் கார்களைக் கவனிக்க வேண்டியதாயிற்று. 2023-ல் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் சுமார் 34 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தன: ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் பிரேக் ஆயில் கசிந்து மின்கசிவாகித் தீப்பிடிக்கலாம் என்பதால், சரிசெய்யும் வரை வீட்டை ஒட்டி நிறுத்தாமல் வெளியே நிறுத்தச் சொன்னார்கள்.

ஹைப்ரிட், மின்சார கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மெதுவாக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டார் செய்துவிடுவதால் டிஸ்க்குக்கு வேலை குறைவு, அது துருப்பிடிக்கிறது, காலிப்பர் பின்கள் இறுகிப்போகின்றன. பேட் தேயவில்லை என்று சந்தோஷப்பட்டு ஐந்து வருஷம் கழற்றிப் பார்க்காமல் விடாதீர்கள். பேட்டரி முழுதாக இருக்கும்போதும், கடும் குளிரிலும் மோட்டார் பிரேக் குறையும்; அதே இறக்கத்தில் நேற்று இருந்த பிடிப்பு இன்று இருக்காது. 2010-ல் டொயோட்டா பிரியஸ் உள்ளிட்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைப்ரிட் கார்களின் ஏ.பி.எஸ். மென்பொருளை மாற்றியது. மேடுபள்ளமான, வழுக்கும் இடத்தில் பிரேக் ஒரு கணம் விட்டது போல ஓட்டுநர்கள் உணர்ந்ததுதான் காரணம்.

படி 7: ஸ்கேன், மென்பொருள், ரீகால்

கையடக்க மலிவு ஸ்கேனர்கள் பல எஞ்சின் கோளாறை மட்டும் படிக்கும். பிரேக், சேசிஸ் குறியீடுகளையும், பெட்டிகளுக்கு இடையே தொடர்பு அறுந்ததைச் சொல்லும் குறியீடுகளையும் படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும். அழிக்கும் முன் எல்லாவற்றையும் அச்சிடச் சொல்லுங்கள். அழித்த பிறகு ஓட்டி, திரும்பி வருவது எதுவோ அதுதான் இன்றைய கோளாறு. பல பெட்டிகளிலும் தொடர்புக் குறியீடு குவிந்திருந்தால் பேட்டரி, எர்த் ஒயர், கனெக்டர் பக்கம் திரும்புங்கள்.

மென்பொருளே கோளாறாகவும் இருக்கும், மருந்தாகவும் இருக்கும். 2018-ல் அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு சோதித்த டெஸ்லா மாடல் 3 மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்துக்கொண்டது. இணையம் வழியாக வந்த ஓர் அப்டேட்டுக்குப் பிறகு அதே கார் 133 அடியில் நின்றது. 2021 அக்டோபரில் டெஸ்லாவின் சோதனை மென்பொருள் ஒன்று பொய்யான மோதல் எச்சரிக்கையையும் திடீர் பிரேக்கையும் கொண்டுவந்ததால் 11,704 கார்கள் ரீகால் ஆயின, அதாவது சரிசெய்யத் திரும்ப அழைக்கப்பட்டன. ஆகவே ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் தேதியையும் பதிப்பு எண்ணையும் நோட்டில் குறியுங்கள்; ஏ.இ.பி. அமைப்பு மாறியிருக்கிறதா என்றும் மெனுவில் பாருங்கள். 17 எழுத்து சேசிஸ் நம்பரை வைத்து தயாரிப்பாளரின் தளத்தில் ரீகால் இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேடுங்கள். பழைய கார் வாங்கியவர்கள் கட்டாயம் தேட வேண்டும், கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போயிருக்கும்.

படி 8: கோளாறா, எல்லையா?

எல்லாம் சரியாக இருந்தும் கார் சிலவற்றைப் பார்க்காது. ஐ.ஐ.எச்.எஸ். கணக்குப்படி ஏ.இ.பி. உள்ள கார்கள் முன்னால் உள்ள வண்டியை இடிப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதனால் நான் இதை அணைத்து வைக்கச் சொல்லவே மாட்டேன். நடந்து போகிறவர்களை இடிப்பது சுமார் 27 சதவீதம் குறைந்தது. தெருவிளக்கு இல்லாத இருட்டில் வித்தியாசமே தெரியவில்லை. 2025 தொடக்கத்தில் வெளியான அவர்களின் சோதனை எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது: இருட்டில் பாதுகாப்புக்காகப் போட்டுக்கொள்ளும் ஒளிரும் பட்டை உடையே சில கார்களின் கேமராவைக் குழப்பியது, பட்டை அணிந்த பொம்மையை அவை இடித்தன. சாலையில் இரவு வேலை செய்பவர்களை நினைத்துப் பாருங்கள்.

நின்றுகொண்டிருக்கும் வண்டியும் பல அமைப்புகளுக்குக் கஷ்டம். சாலையில் அசையாமல் இருக்கும் பாலம், பலகை, மூடி எல்லாவற்றிலும் ரேடார் அலை பட்டுத் திரும்பும் என்பதால் அசையாதவற்றில் பலவற்றை ஒதுக்கிவிடும்படி வடிவமைப்பார்கள். அதிகமாக ஒதுக்கினால் உண்மையான வண்டியை விட்டுவிடும், குறைவாக ஒதுக்கினால் வெறும் சாலையில் பிரேக் பிடிக்கும். முன்னெச்சரிக்கை தூரத்தை மெனுவில் 'நடுத்தரம்' அல்லது 'தாமதம்' என்று வைத்துப் பாருங்கள். பொய் எச்சரிக்கை குறைந்தால் நிம்மதி, குறையவில்லை என்றால் படி 5-க்குத் திரும்புங்கள்.

படி 9: புகாரை எழுத்தில் கொடுங்கள்

வாயால் சொன்னது வேலைச் சீட்டில் வராது. "பிரேக் செக்" என்று இரண்டு சொல் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்களே சொல்லி எழுத வையுங்கள்: "12-ம் தேதி, மாலை 5.40, மணிக்கு 80 கி.மீ., க்ரூஸ் அணைந்திருந்தது, முன்னால் வண்டி இல்லை, ஏ.இ.பி. பிரேக் பிடித்தது." போட்டோவையும் வீடியோவையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். "கோளாறு இல்லை" என்றால் அதையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு அதே கோளாறு வந்தால், உள்ளே இருக்கும்போதே சொன்னதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி.

முடிந்தால் டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து, உங்கள் நோட்டில் இருக்கும் அதே இடத்துக்கு, அதே நேரத்தில் ஓட்டிப் போங்கள். இரண்டு முறை போயும் தீரவில்லை என்றால் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். அதோடு உங்கள் நாட்டில் வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்புக்கும் எழுதுங்கள். ஒரு ஆள் எழுதி என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதீர்கள். 2022 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு சுமார் 4,16,000 டெஸ்லா கார்களின் திடீர் பிரேக் பற்றி விசாரணையைத் தொடங்கியது. அதற்கு அடிப்படை ஒன்பது மாதத்தில் உரிமையாளர்கள் அனுப்பிய 354 புகார்கள்.

கேலிபரேஷன் அறிக்கை, வேலைச் சீட்டுகள், உங்கள் நோட்டு மூன்றையும் ஒரே உறையில் போட்டு கையேட்டோடு காரிலேயே வையுங்கள். காரை விற்கும்போது அந்த உறையையும் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அடுத்து அந்த வளைவில் திரும்பப் போகிறவர் அவர்தான்.